எறிந்தாலும் எழும் பொம்மை, சரிவில் நிற்கும் பாறை

ரங்கூனின் ஷ்வேடகோன் பயாவின், அதாவது பௌத்தக் கோபுரத்தின், படிக்கட்டுக் கடைகளில் ஒரு பொம்மை விற்பார்கள். முட்டை வடிவம், சிவப்பு உடம்பு, தங்கக் கோடுகள், மேலே ஒரு சிரித்த முகம். கையும் இல்லை, காலும் இல்லை. தலையைப் பிடித்துத் தரையோடு அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், நாலைந்து ஆட்டம் ஆடி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். பர்மியர்கள் இதைப் பிட்டைந்தவுங் என்பார்கள். எறியும்போதெல்லாம் எழுந்து நிற்பது என்று பொருள். விழுந்தாலும் எழ வேண்டும் என்று வாழ்த்தி வாங்கிக் கொடுக்கும் பொம்மை இது. தஞ்சாவூர்ப் பொம்மையைப் பார்த்தவர்களுக்கு அதன் தங்கச்சி போலத் தெரியும்.

ரங்கூனில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியின் ஓரத்தில் இப்படி ஒரு பொம்மை பல வருடங்களாக இருந்தது. போன மழைக்காலத்தில் கூரை ஒழுகி, அதன் அடி ஊறிப் பிளந்துவிட்டது. தூக்கிப் போட எடுத்தபோது என் மகள் வாங்கிக்கொண்டு, பிளவுக்குள் விரலை விட்டு எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு களிமண் கட்டியைப் பிடுங்கி எடுத்தாள். மற்றதெல்லாம் வெறும் காகிதம், அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. கட்டி ஒரு கையில், பொம்மை இன்னொரு கையில். "அப்பா, பொம்மையைவிட மண்ணுதான் கனமா இருக்கு" என்றாள். களிமண் இல்லாத பொம்மையைத் தரையில் வைத்தோம். பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே கிடந்தது.

அடி கனமாக இருந்தால் பொருள் விழாது என்று எல்லோரும் சொல்வோம். பாதிதான் சரி. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லப் போய், சம்பான் என்னும் சிறு படகு, லாரி, சைட்டியோ மலைமேல் நிற்கும் தங்கப் பாறை என்று பேச்சு நீண்டுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஈர்ப்பு மையம். ஒரு பொருளின் ஒவ்வொரு துணுக்கையும் பூமி தனித்தனியாகக் கீழே இழுக்கிறது. அந்த இழுப்புகளையெல்லாம் சேர்த்து, மொத்த எடையும் ஒரே புள்ளியில் இருப்பதுபோல் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். சமையலறையிலேயே பார்க்கலாம். குழம்புக் கரண்டியை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்காக வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். எங்கே சாயாமல் நிற்கிறதோ அதற்கு நேராகத்தான் மையம் இருக்கிறது. கரண்டியின் நட்டநடுவில் நிற்காது, குழிப் பக்கம் தள்ளித்தான் நிற்கும். மையம் பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வளையலின் மையம் நடுவிலுள்ள வெற்றிடத்தில் இருக்கிறது.

கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை அந்த மையத்திலிருந்து தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பொருள் தரையைத் தொடும் இடங்களைச் சுற்றி ஒரு கோடு போட்டால், குண்டு அந்தக் கோட்டுக்குள் இருக்கும்வரை பொருள் நிற்கும், வெளியே போனால் சாயும். தலையில் பழக்கூடை வைத்து நடக்கும் பர்மியப் பெண்களும், சும்மாடு வைத்து விறகு சுமந்த எங்கள் பாட்டிமாரும் இந்த விதியைத்தான் முதுகெலும்பால் கடைப்பிடித்தார்கள். தலைச்சுமையில் மையம் உயரும், ஆனால் குண்டு பாதங்களுக்கு நடுவிலேயே விழும். இடுப்பில் குடம் வைத்தால் குண்டு குடத்தின் பக்கம் ஓடும். அதனால்தான் உடம்பு மறுபக்கம் வளைகிறது.

இதுவரை பள்ளிப் பாடம். பொம்மைக்கு இது போதாது. பொம்மையின் அடி உருண்டை. தரையைத் தொடுவது கிட்டத்தட்ட ஒரே புள்ளி. சாய்த்ததுமே குண்டு அந்தப் புள்ளியை விட்டுப் போய்விடுகிறதே, அப்புறம் எப்படி எழுகிறது?

சாயும்போது தொடும் புள்ளியும் கூடவே உருண்டு போகிறது. இதைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அடி வளைவை ஒரு முழு உருண்டையின் பகுதியாக நினைத்தால், அந்த உருண்டைக்கு ஒரு நடுப்புள்ளி உண்டு. அதை வளைவு மையம் என்று வைத்துக்கொள்வோம். பொம்மை எப்படிச் சாய்ந்தாலும் தொடும் புள்ளி வளைவு மையத்துக்கு நேர் கீழேதான் இருக்கும். ஈர்ப்பு மையம் வளைவு மையத்துக்குக் கீழே இருந்தால், சாயும்போது தொடும் புள்ளி ஈர்ப்பு மையத்தை முந்திப் போய்விடும். எடை பொம்மையைப் பின்னுக்கு இழுத்து நிமிர்த்தும். மேலே இருந்தால், ஈர்ப்பு மையம் முந்திப் போய்விடும். எடையே பொம்மையைக் கவிழ்க்கும்.

எண்ணில் சொல்கிறேன். அடி வளைவின் ஆரம் 5 செ.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 3 செ.மீ. உயரம். பொம்மையை 60 பாகை சாய்த்தால் மையம் 4 செ.மீ. உயரத்துக்குப் போகிறது. சாய்த்தது நாம்தான், ஆனாலும் எடை மேலே ஏறியிருக்கிறது. விட்டதும் அது இறங்கப் பார்க்கும், இறங்கும் வழி நிமிர்வதுதான். இது உறுதிச் சமநிலை. மையம் 6 செ.மீ. உயரத்தில் இருந்தால் கொஞ்சம் சாய்ந்தாலே கீழே இறங்கத் தொடங்கும், பிறகு திரும்பாது. இது உறுதியற்ற சமநிலை. சரியாக 5 செ.மீ. என்றால் சாய்த்த இடத்திலேயே கிடக்கும். தெருவில் சின்லோன் ஆட்டத்தில் உதைக்கும் பிரம்புப் பந்து அப்படித்தான், எந்தப் பக்கம் வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். இது நடுநிலைச் சமநிலை.

களிமண்ணை மறுபடி உள்ளே ஒட்டிவிட்டு, சப்பாத்திக்குப் பிசைந்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொம்மையின் தலையில் அப்பினோம். முதல் உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதுக்கு ஆட்டம் மந்தமானது. முன்பு வெடுக்கென்று நிமிர்ந்தது, இப்போது யோசித்து யோசித்து நிமிர்ந்தது. மூன்றாவதை ஒட்டியதும் பாதிச் சாய்வில் நின்று, பிறகு மெதுவாக மறுபக்கம் கவிழ்ந்தது. அடியிலிருந்த களிமண்ணில் ஒரு துளியும் குறையவில்லை. அடி கனம் அப்படியே இருக்கும்போதே பொம்மை கவிழ்ந்தது. அந்த இரண்டாவது உருண்டையின் மந்தமான ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், படகில் அது உயிர்ப் பிரச்சினை.

அதற்கு முன் பானை. பர்மாவில் தெருவோரங்களிலும் மரத்தடிகளிலும் வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள். சட்டத்திலோ வளையத்திலோதான் வைப்பார்கள், நம் வீட்டில் பிரிமணை மேல் வைப்பதுபோல. உருண்டை அடிப் பானை நிறையத் தண்ணீர் இருந்தால் கனத்தாலேயே நிற்காதா என்று தோன்றும். நிற்காது. தண்ணீர் களிமண் கட்டி மாதிரி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பானை சாய்ந்தால் தண்ணீர் சாயாது, தன் மட்டத்திலேயே இருந்துவிடும். உருண்டைப் பானையின் உட்சுவரைத் தண்ணீர் எங்கே அழுத்தினாலும் அந்த அழுத்தம் உருண்டையின் நடுப்புள்ளி வழியாகத்தான் போகும். அதனால் பானையை நிமிர்த்தவும் அது உதவாது, கவிழ்க்கவும் உதவாது. பாக்கி இருப்பது பானையின் சொந்த எடை. கழுத்தும் வாயும் மேலே இருப்பதால் அது கவிழ்க்கும் பக்கம்தான் சேரும். அதே பானையில் அரிசி நிரப்பினால் கதை வேறு, அது தண்ணீர்போல ஓடாமல் பானையோடு சேர்ந்தே சாயும். பிரிமணை செய்வது ஒன்றுதான்: ஒரு புள்ளியில் தொட்டதை ஒரு வட்டத்தில் தொட வைக்கிறது. குண்டு விழ இடம் கிடைத்துவிடுகிறது.

இனி சம்பான். ரங்கூன் ஆற்றில் எதிர்க்கரை டல்லாவுக்குப் போகும் சிறு படகில் ஏறியவர்கள் முதலில் கேட்கும் சொல் உட்காருங்கள் என்பதுதான். படகுக்காரருக்கு அந்தச் சொல்லின் கணக்கு தெரிய வேண்டியதில்லை, கைக்குத் தெரியும். நமக்குக் கணக்கும் தெரிந்தால் நல்லது.

மிதக்கும் பொருளுக்குத் தரை இல்லை, தூக்குக்குண்டு விழ அடியும் இல்லை. தண்ணீர் மேலே தள்ளும் விசை படகின் மூழ்கிய பகுதியின் நடுவில் செயல்படுகிறது. படகு வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் அதிகம் மூழ்கும், தள்ளும் விசையும் வலப்பக்கம் நகரும். பொம்மையின் தொடும் புள்ளி உருண்டு நகர்ந்ததே, அதே வேலை. ஆகவே படகுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு மையம் உண்டு. பியர் பூகேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1746-இல் அதற்கு மெட்டாசென்டர் என்று பெயர் வைத்தார். படகும் ஆட்களும் சரக்கும் சேர்ந்த ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருந்தால் படகு நிமிரும், மேலே போனால் கவிழும். பிட்டைந்தவுங்கின் விதியேதான்.

ஒரு சின்னப் படகை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கப் பெட்டி வடிவம் என்று வைப்போம். அகலம் 1.2 மீட்டர், தண்ணீரில் 20 செ.மீ. மூழ்கியிருக்கிறது. வளைவு மையம் அடிப்பலகையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் வரும். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்திருப்பவரின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 55 செ.மீ. உயரத்தில் இருக்கும், தப்பித்தோம். எழுந்து நின்றால் மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, படகின் அடியிலிருந்து ஒரு மீட்டரை ஒட்டி. ஒருவர் நின்றால் மற்றவர்களின் எடை தாங்கிக்கொள்ளும். கரை வந்துவிட்டதென்று எல்லோரும் ஒன்றாக எழுந்தால் மொத்த மையமும் 70-ஐத் தாண்டிவிடும்.

இன்னும் ஆட்களை ஏற்றினால்? எடை கூடினால் படகு அசையாமல் போகும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது. அதே படகு 30 செ.மீ. மூழ்கினால் வளைவு மையம் 70-லிருந்து 55 செ.மீ.க்கு இறங்கிவிடுகிறது. யாரும் எழுந்து நிற்காமலே வரம்பு கீழே வந்து, உட்கார்ந்திருப்பவர்களின் ஈர்ப்பு மையத்தைத் தொட்டுவிடுகிறது. படகு இப்போது மந்தமாக ஆடும். பயணிகள் அதை நிதானம் என்று நினைப்பார்கள். அது மூன்றாவது உருண்டைக்கு முந்தைய ஆட்டம். படகுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் மோசம். பானைத் தண்ணீர் போலவே அதுவும் சாய்ந்த பக்கம் ஓடும். உருண்டைப் பானையில் அது வெறுமனே உதவாமல் இருந்தது, அகலமான தட்டையான படகிலோ கவிழ்க்கும் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

பர்மாவின் ஆறுகளும் கடலும் இதை வெறும் கணக்காக விட்டுவைக்கவில்லை. 2015 மார்ச்சில் சௌக்பியூவிலிருந்து சிட்வே போன ஆங் தக்கோன் 3 என்ற பயணிகள் கப்பல் அலைகளில் மூழ்கியது, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 2016 அக்டோபரில் சிந்துவின் ஆற்றில் கனி ஊருக்கு அருகே அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து 70 பேருக்கு மேல் போனார்கள். ஆற்றில் பயணம் செய்து வளர்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: மேல்தட்டில் காற்று வாங்கப் போகும் கூட்டம் மையத்தை உயர்த்துகிறது, கரையைப் பார்க்க ஒரே பக்கம் ஓடும் கூட்டம் மையத்தை நகர்த்துகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க விடக் கூடாது.

படகு கட்டுபவர்களுக்கே இது பிடிபட நாளானது. சுவீடன் அரசரின் வாசா போர்க்கப்பல் 64 பீரங்கிகளோடு 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் முதல் பயணம் புறப்பட்டு, ஏறக்குறைய 1,300 மீட்டர் போவதற்குள் மூழ்கியது. புறப்படுவதற்கு முன் 30 பேரை மேல்தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்திருந்தார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் கவிழ்ந்துவிடும் போலிருந்ததால் ஓட்டத்தை நிறுத்தினார்கள். சோதனையைத்தான் நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. ஒரு காற்று வீச்சில் கப்பல் சாய்ந்து, கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது.

கரைக்கு வருவோம். பர்மாவில் சைக்கா என்றால் சைக்கிளின் வலப்பக்கத்தில் ஒட்டிய இருக்கை வண்டி. இரண்டு பேர் முதுகோடு முதுகு உட்காருவார்கள், ஒருவர் முன்னே பார்த்து, ஒருவர் பின்னே பார்த்து. மூன்று சக்கரங்களும் தரையில் ஒரு முக்கோணம் போடுகின்றன. ஆள் இருந்தால் மையம் முக்கோணத்தின் உள்ளே நன்றாகத் தள்ளி உட்காரும். காலியாக இருக்கும்போது அது சைக்கிளை ஒட்டி, முக்கோணத்தின் விளிம்புக்கு வந்துவிடும். அப்போது வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால் மூன்றாவது சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பும். பழகிய சைக்காக்காரர்கள் அந்தத் திருப்பத்தில் உடம்பை இருக்கைப் பக்கம் சாய்ப்பதைப் பார்த்திருக்கலாம்.

சைட்டியோ போகிறவர்கள் கின்பூனில் பேருந்தை விட்டு இறங்கி, பலகை போட்ட திறந்த லாரியில் மலை ஏறுவார்கள். ஒரு லாரியின் சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் அகலம், ஈர்ப்பு மையம் 1 மீட்டர் உயரம் என்றால் நின்ற நிலையில் 45 பாகை சாய்ந்தால்தான் கவிழும். மையம் 2 மீட்டருக்கு ஏறினால் 27 பாகையே போதும். வளைவில் வேகமும் சேர்ந்துகொள்ளும். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில், முதல் லாரி கவிழ மணிக்கு 62 கி.மீ. வேகம் வேண்டும். அதற்கு முன்பே டயர் பிடிப்பை விட்டு வண்டி சறுக்கிவிடும். இரண்டாவது லாரி 44 கி.மீ.யிலேயே கவிழும், அந்த வேகத்தில் டயர் இன்னும் நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கூரைமேல் மூட்டை அடுக்கிய வண்டிகள் சறுக்காமல் நேரே உருள்வது இதனால்தான். ஓட்டுநருக்கு எச்சரிக்கையே கிடைப்பதில்லை.

மேலே 1,100 மீட்டர் உயரத்தில் பாறை. தங்கத் தகடு ஒட்டி ஒட்டி மின்னும் கருங்கல், ஏறக்குறைய 7.6 மீட்டர் உயரம், 15 மீட்டர் சுற்றளவு. அதன் தலைமேல் 7.3 மீட்டரில் ஒரு பயா. அடியிலிருக்கும் பாறை மேடை சரிவானது. அந்தச் சரிவின் விளிம்பில், ஏறக்குறைய பாதி உடம்பு பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்க, இது உட்கார்ந்திருக்கிறது. மேடையும் பாறையும் ஒட்டிய கல் இல்லை, தனித்தனி. புத்தரின் கேசம் தாங்குவதால் விழவில்லை என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு அங்கே கைகூப்புகிறவர்களில் தமிழர்களும் உண்டு, நானும் கூப்பினேன்.

கணக்கும் அங்கே பொய்க்கவில்லை. பாதி உடம்பு வெளியே நீட்டியிருக்கலாம், மையத்திலிருந்து தொங்கும் குண்டு உள்ளே விழுந்தால் போதும். முட்டை வடிவம் என்று வைத்து நானே கணக்கிட்டுப் பார்த்தால் பாறையின் எடை 250 டன்னை ஒட்டி வருகிறது. மையம் 3.8 மீட்டர் உயரம். குண்டு விழும் இடத்திலிருந்து தாங்கும் பரப்பின் விளிம்பு அரை மீட்டர்தான் என்று வைத்துக்கொண்டால், 7 பாகைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தாலே போய்விடும். சின்னக் கோணம்தான். ஆனால் அந்தக் கோணத்துக்குக் கொண்டுபோக, உச்சியில் கிடைமட்டமாக 16 டன் விசையோடு தள்ள வேண்டும். எத்தனை பாகையில் கவிழும் என்பதை வடிவம் தீர்மானிக்கிறது, எடைக்கு அதில் பங்கே இல்லை. அங்கே கொண்டுபோக எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதில்தான் எடை வருகிறது. பாறை ஒரே நேரத்தில் விழப்போவது போலவும் அசைக்க முடியாததாகவும் தெரிவது இதனால்தான்.

நிலநடுக்கம்? நடுக்கம் பிறக்கும் சகாயிங் நிலப்பிளவு, ரங்கூனிலிருந்து சைட்டியோ போகும் வழியிலுள்ள பெகு நகரத்தை ஒட்டித்தான் போகிறது. 1930 மே 5 அன்று பெகுவில் பெரிய நடுக்கம் வந்து ஷ்வேமோடோ பயா இடிந்தது. பாறை இன்றும் நிற்கிறது. செங்கல் கோபுரம் உடைந்து விழும், முழுக்கல் உருண்டுதான் விழ வேண்டும், அதனால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனால் பாறையின் பக்கம் இன்னொரு காரணமும் இருக்கிறது. 1960-இல் சிலியில் வந்த பெரும் நடுக்கத்தில், கம்பத்தின் மேல் பந்து வைத்தது போன்ற ஒல்லியான தண்ணீர்த் தொட்டிகள் சில தப்பின, அவற்றைவிட உறுதியாகத் தெரிந்தவை சேதமாயின. இதை ஆராய்ந்து ஜார்ஜ் ஹவுஸ்னர் 1963-இல் ஒரு முடிவைச் சொன்னார்: ஒரே வடிவமுள்ள இரண்டு கட்டைகளில் பெரியதைக் குலுக்கிக் கவிழ்ப்பது கடினம். பெரிய பொருள் மெதுவாகச் சாய்கிறது. அது கவிழும் கோணத்தை எட்டுவதற்குள் தரை திசை மாறி அதை மறுபடி நிமிர்த்திவிடுகிறது. தீப்பெட்டி கவிழும் குலுக்கலில் பீரோ தப்பலாம், பீரோ கவிழும் குலுக்கலில் பாறை தப்பலாம்.

கலிபோர்னியாவில் ஜேம்ஸ் புரூன் என்ற ஆய்வாளர் 1990-களில் இதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தினார். விளிம்பில் நிற்கும் பாறைகளைத் தேடி, அவற்றைக் கவிழ்க்க எவ்வளவு குலுக்கல் வேண்டும் என்று கணக்கிட்டார். பாறை நிற்கிறதென்றால், அது அப்படி உட்கார்ந்த காலத்திலிருந்து அந்த இடம் அவ்வளவு பலமாகக் குலுங்கவில்லை என்று ஆகிறது. எந்தக் கருவியும் இல்லாத காலத்துக்கும் சாட்சி கிடைத்துவிட்டது.

பாறையைத் தொட்டுத் தங்கத் தகடு ஒட்ட ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. மகள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள். நான் ஒரு தகட்டை ஒட்டிவிட்டு வந்தபோது குனிந்து, கழுத்தைச் சாய்த்து, பாறைக்கும் மேடைக்கும் நடுவிலிருந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அடி கொஞ்சம் உருண்டையா இருக்கு. அப்ப இதோட வளைவு மையம் எங்க இருக்கும்?" என்றாள்.

அடி தட்டையாக இருந்தால் அதைத் தேட வேண்டியதே இல்லை, உருண்டையாக இருந்தால் அதுதான் எல்லாம். அதை அளக்க வேண்டுமென்றால் இடுக்குக்குள் அளவுகோலை விட வேண்டும். லாரி கிளம்பும்வரை நாங்கள் அங்கேயே குந்தியிருந்து, வெளியிலிருந்து தெரிந்த வளைவை வைத்து அவளுடைய நோட்டில் வட்டங்கள் போட்டுப் பார்த்தோம்.